திருத்தம் மறைவாக நிகழலாமா?

கலாசாலையிற் பிறக்கும் எழுத்துக்களுள் ஒருவர் கையாலேயே தொடங்கி அவர் கையாலேயே முடிவன மிகச் சில. பரீட்சை விடைத்தாளும் வீட்டிற்கு எழுதும் கடிதமும் நீங்கலாக ஏனையவெல்லாம் பலர் கைபட்டே உருப்பெறுகின்றன. இளங்கலை மாணவரின் செயல்திட்ட அறிக்கை, முதுகலை மாணவரின் ஆய்வேடு, முனைவர் பட்டத்திற்கு எழுதப்பெறும் நூல், ஆசிரியர் இருவர் மூவர் சேர்ந்து வெளியிடும் ஆராய்ச்சிக் கட்டுரை, தர மதிப்பீட்டுக் குழுவினர்க்காகத் துறைதோறும் எழுதித் தொகுக்கப்பெறும் அறிக்கை, ஏன், இம்மலரில் வெளிவரும் கட்டுரைகளுங்கூட, எழுதினார் கையினின்று திருத்துவார் கைக்கும், திருத்துவார் கையினின்று மீண்டும் எழுதினார் கைக்கும் பன்முறை சென்று வருவன. இங்ஙனம் செல்லும்பொழுது எவர் எதனை மாற்றினார், எதன்பொருட்டு மாற்றினார் என்பது இருவர்க்கும் விளங்குமாறு மாற்றம் நிகழ்கின்றதா என்பதே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா. சிறிய வினாவென்று தோன்றும். அன்று என்பதே நமது கருத்து.

இந்நாளில் வழங்கும் சொற்செயலிகள் இதற்கென்றே ஒரு வசதியைத் தம்முட் கொண்டிருக்கின்றன. மைக்ரோசாப்ட் வேர்டில் ‘ரெவ்யூ’ என்னும் பகுதியைத் திறந்து ‘டிராக் சேஞ்சஸ்’ என்பதனை அழுத்தினால் (கண்ட்ரோல், ஷிப்ட், ஈ என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினும் ஆம்) அதன்பின் செய்யப்படும் மாற்றங்கள் பதிவாகின்றன. நீக்கிய சொல் அழிந்துபோவதில்லை. குறுக்கே கோடிடப்பெற்று நின்ற இடத்திலேயே நிற்கின்றது. சேர்த்த சொல் வேறு நிறத்தில் அடிக்கோடு பெற்றுத் தோன்றுகின்றது. செய்தவர் பெயரும், நாளும், நேரமும் உடன் பதிகின்றன. வாக்கியத்தைத் தொடாமலே அதனைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டுமாயின் ‘கமெண்ட்’ என்னும் ஓரக்குறிப்பு எழுதலாம். அக்குறிப்பிற்கு மறுமொழியும் அதன்கீழேயே எழுதலாம். கோப்பைத் திரும்பப் பெற்றவர் ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே நோக்கி ஏற்கவோ தள்ளவோ செய்யலாம். லிப்ரே ஆபீஸ் என்னும் இலவசச் செயலியிலும் இவ்வசதி உண்டு. கூகுள் டாக்ஸில் 2014-ஆம் ஆண்டு முதல் ‘சஜஸ்டிங்’ என்னும் பெயரால் உண்டு. ஆகவே பொருட்செலவைக் காரணங் காட்டி ஒருவரும் இதனை ஒதுக்க இயலாது.

இஃது அடியோடு புதியதொரு பழக்கமென்று மயங்க வேண்டா. அச்சுக்கூடத்தோடு பழகிய நம் பழைய மாணவர் பலர்க்குப் புரூப் தாள் நினைவிலிருக்கும். அச்சுக் கோத்தவர் பிழையைத் திருத்துவார் மூல எழுத்தைச் சுரண்டி அழிப்பதில்லை. எழுத்தின்மேற் கோடிட்டு, ஓரத்தில் உரிய குறியை எழுதுவர். கோத்தவர் அதனைக் கண்டு மாற்றுவர். ஐயம் தோன்றினால் வினவுவர். மாற்றத்தை மாற்றமாகவே காட்டும் ஒழுங்கு அங்கு இருந்தது. ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிய நம் முன்னோரும் இவ்வொழுங்கினையே வேறொரு வகையிற் போற்றினர். உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இல் புறநானூற்றை வெளியிட்ட காலத்துத் தாம் கொண்ட பாடத்தை மேலே அமைத்து, கொள்ளாத பாடங்களைப் பிரதிபேதமென அடியிற் காட்டினார்கள். தாம் தள்ளியதனையும் கற்பவர் காணட்டும் என விட்டுவைத்தமையால் அன்றோ பின்வந்தோர் அத்தேர்வினை ஆராய முடிந்தது! கணினி வந்தபின் எழுதுதல் எளிதாயிற்று. அழித்தலும் சுவடின்றி எளிதாயிற்று. காகிதத்திலிருந்த அடையாளம் திரையில் இல்லாமற் போயிற்று. அவ்விழப்பை ஈடுசெய்யவே சொற்செயலியை ஆக்கினோர் திருத்தக் குறிகளை அதனுட் புகுத்தினர். வேர்டு 1983-இல் முதன்முதல் வெளிவந்தது. இவ்வசதியும் அதில் மிகப் பழைமையானதே. எனினும் நம்மிடையே இதனைக் கையாள்வார் தொகை மிகக் குறைவென்பது வருந்தற்குரியது.

இப்பொழுது நடக்கும் முறை யாது? மாணவர் தம் அத்தியாயத்தை வாட்சாப் வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ நெறியாளர்க்கு அனுப்புகின்றார். நெறியாளர் இரவு பதினொரு மணிக்கு, தம் வேலைகளெல்லாம் முடிந்தபின், அதனைத் திறக்கின்றார். பிழையான வாக்கியத்தைக் கண்டவிடத்து அதனை அழித்துத் தாமே வேறொன்று எழுதுகின்றார். காலையில் ‘திருத்தப்பட்டது’ என்னும் பெயரோடு கோப்பு திரும்பி வருகின்றது. அதில் எது திருத்தப்பட்டது? மாணவர் அறியார். நாற்பது பக்கத்தையும் பழைய படியோடு ஒப்பிட்டுப் படிக்கும் பொறுமை எத்தனை பேர்க்கு உண்டு? அவர் அப்படியே அடுத்த அத்தியாயத்திற்குச் செல்கின்றார்; முன்னர்ச் செய்த பிழையையே அதிலும் செய்கின்றார். நெறியாளர் ‘எத்தனை முறை சொன்னேன்’ என்று சினங்கொள்கின்றார். உண்மையில் அவர் ஒரு முறையும் சொல்லவில்லை, செய்துவிட்டார், அவ்வளவே. மற்றொரு முறையும் உண்டு. அச்சிட்ட தாளிற் சிவப்பு மையாற் குறித்துக் கொடுப்பர். மாணவர் அதனை டி.டி.பி. கடைக்கு எடுத்துச் செல்வர். கடைக்காரர் பாதியைத் திருத்திப் பாதியை விட்டு, புதிதாகச் சில பிழைகளையும் சேர்த்துத் தருவர். இதற்கிடையே கோப்புக்களின் பெயர்களோ ‘பைனல்’, ‘பைனல் இரண்டு’, ‘கடைசி பைனல்’ என வளர்ந்துகொண்டே போகின்றன. எது கடைசியென்பதனை அவற்றைப் பெற்றவரே அறியார்.

குறியில்லாத திருத்தத்தால் விளையும் தீங்குகளுள் முதன்மையானது கல்விக்கேடு. இலக்கிய மாணவர்க்கு ஒரு சான்று கூறுவோம். டி. எஸ். எலியட் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1922-இல் வெளியிட்ட ‘பாழ்நிலம்’ என்னும் கவிதை எஸ்ரா பவுண்டு என்பாரின் கைபட்டுச் சுருங்கியதென்பது பலரும் அறிந்த செய்தி. பவுண்டு நீளமான பகுதிகளை ஒருங்கே வெட்டினார். ஓரத்தில் தம் கருத்தையும் எழுதினார். எலியட்டின் மனைவியாரும் சில இடங்களிற் குறிப்பெழுதினார். அக்கைப்படி தொலைந்ததென்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது நியூயார்க்குப் பொது நூலகத்தில் உள்ளதென்பது 1968-இல் வெளியாயிற்று; 1971-இல் அதன் நிழற்படி நூலாக வந்தது. அந்நூலைக் கையிலெடுத்த மாணவர் கவிதை எழுதுதலைப்பற்றி அறிந்துகொள்வது, அச்சான கவிதையை மட்டும் படித்தவர் அறிவதினும் பன்மடங்கு மிகுதி. கோடிட்ட வரி கண்ணிற்குத் தெரிகின்றது. ஏன் கோடிட்டார் என்று சிந்திக்க இடமிருக்கின்றது. எலியட் எதனை ஏற்றார், எதனை ஏற்கவில்லை என்பதும் தெரிகின்றது. பவுண்டு வெட்டியதை எவரும் அறியாதபடி வெட்டித் தந்திருப்பாராயின் கவிதை அதுவாகவே இருந்திருக்கும். கற்பதற்குரிய பொருள் பாதி மறைந்திருக்கும்.

இரண்டாவது தீங்கு உண்மையைப்பற்றியது. இதற்கு நாம் காட்டும் சான்று மருத்துவத் துறையினின்று வருவது. கலாசாலைகளில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார் யாவரும் அறிந்திருக்கத்தக்கது. ரோபிகாக்ஸிப் என்னும் வலிநீக்கும் மருந்தைப்பற்றிய பெரியதோர் ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டு நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. மெர்க் நிறுவனம் அம்மருந்தை, இதயநோய் பற்றிய அச்சத்தால், 2004 செப்டெம்பரில் விற்பனையினின்று நீக்கிக்கொண்டது. 2005 டிசம்பரில் அப்பத்திரிகையின் ஆசிரியர்கள் அக்கட்டுரையைக் குறித்துத் தம் கவலையை வெளியிட்டனர். மூன்று மாரடைப்புக்கள் கட்டுரையிற் கணக்கிற் சேரவில்லை என்பது ஒன்று. கட்டுரையோடு தம்மிடம் வந்திருந்த கணினித் தட்டினை ஆராய்ந்த பொழுது, இதயநோய் பற்றிய விவரங்கள் சில, கட்டுரை 2000 மே 18-இல் தம்மிடம் அளிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர்க் கைப்படியினின்று நீக்கப்பட்டமை தெரிந்தது என்பது மற்றொன்று. கட்டுரையாசிரியர்கள் இக்குறையை ஒப்பவில்லை. தம் நிலையை நிறுவி 2006-இல் விடையிறுத்தனர். அவ்வழக்கில் தீர்ப்பளிக்க நாம் புகவில்லை. நாம் நோக்குவது இதுவே: ஓர் அட்டவணை கைப்படியினின்று அகன்றதை உலகம் அறிந்தது ஐந்தாண்டு கழித்து, ஒரு தட்டின் உள்ளிருந்த சுவட்டினால். அந்நீக்கம் கட்டுரையாளர் அனைவரும் காணக் குறியிடப்பெற்று, ‘இதனை நீக்குவதற்குக் காரணம் இது’ என்று ஓரத்தில் எழுதப்பெற்றிருக்குமாயின், அதனை ஆராய்வதற்குத் தட்டினைத் தோண்ட வேண்டிய தேவை எவர்க்கும் நேர்ந்திராது.

இனி, ஆசிரியத்துவம் என்னும் உரிமையைப்பற்றிச் சில சொற்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் எவர் பெயர் முன்னே நிற்பது, எவர் பெயர் நிற்கவே கூடாது என்பது துறைகளில் மனக்கசப்பை விளைக்கும் விஷயமென்பதனை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதனைத் தீர்க்கப் பன்னாட்டுப் பத்திரிகைகள் பல ‘கிரெடிட்’ எனப்படும் ஒரு பகுப்பினைக் கையாள்கின்றன. அதிலே பங்களிப்பு 14 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. முதற்படி எழுதுதல் ஒரு வகை, திருத்தியும் மதிப்பிட்டும் செப்பஞ் செய்தல் வேறொரு வகை. 2022-இல் இப்பகுப்பு அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எழுதியவர் யார், செப்பஞ் செய்தவர் யார் என்று கட்டுரை முடிந்தபின் நினைவினாற் சொல்லப் புகுந்தால் ஒவ்வொருவர் நினைவும் தம் பக்கமே சாயும். திருத்தக் குறிகளோடு கூடிய படிகள் இருப்பின் நினைவை நம்பவேண்டிய தேவை குறைகின்றது. இளைய ஆராய்ச்சியாளர்க்கு, அதிலும் தம் உழைப்பு மற்றொருவர் பெயரில் மறைந்துவிடுமோ என்று அஞ்சுவார்க்கு, இஃது ஒரு சிறு காவலேயாம்.

அண்மைக் காலத்திற் புதியதோர் அச்சமும் சேர்ந்திருக்கின்றது. செயற்கை அறிவுப் பொறிகள் கட்டுரைகளை நொடியில் எழுதித் தருவதால், நல்ல நடையில் எழுதும் மாணவரையும் ‘இது நீ எழுதியதுதானா?’ என்று ஐயுறும் காலம் வந்துவிட்டது. இத்தகைய ஐயத்திற்கு ஆட்பட்ட மாணவர் பல நாடுகளில் தம் கோப்பின் பதிப்பு வரலாற்றையே சான்றாகக் காட்டுகின்றனர்: இன்ன நாளில் முதற்படி, இன்ன நாளில் இப்பத்தி மாறியது, இன்ன நாளில் ஆசிரியர் கேட்ட வினாவிற்கு இவ்வாறு விடையெழுதினேன் என்று. ஒட்டுமொத்தமாக ஒரே கணத்தில் வந்து விழுந்த நாற்பது பக்கத்திற்கும், நான்கு மாதம் வளர்ந்த நாற்பது பக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வரலாறு காட்டும். ஆனால் அதனை மிகையாக நம்புதலும் தகாது. வேர்டில் திருத்தம் செய்தவர் பெயராகப் பதிவது அச்செயலியின் அமைப்பில் எழுதப்பட்டுள்ள பெயரே. ஒருவர் அதனை எளிதில் மாற்றிக்கொள்ளலாம். கணினியின் கடிகாரம் தவறாயின் நேரமும் தவறே. கடையிலிருந்து திருத்தினால் ‘அட்மின்’ என்பவரே உங்கள் ஆய்வேட்டை எழுதியவராகத் தோன்றுவர்! ஆகவே ஆய்வைத் தொடங்குமுன் தம் பெயரைச் செயலியிற் சரிவரப் பதிந்துகொள்வது நன்று. திருத்தக் குறியை எவரும் அணைக்காதபடி கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வசதியும் வேர்டில் உண்டு. அதுவும் மறதியைத் தடுக்குமேயன்றி வஞ்சகத்தைத் தடுக்காது.

குறியிடுதலை விரும்பாதார் கூறும் தடைகளையும் நாம் கேட்டிருக்கின்றோம். சிவப்புக் கோடுகள் நிறைந்த பக்கத்தைக் கண்டு மாணவர் மனம் உடைந்துபோகின்றனர் என்பர் சிலர். இது பொய்யன்று. முதன்முறை தம் எழுத்து அவ்வாறு திரும்பி வரக் காண்பார் படும் துயரம் சிறிதன்று. கிராமத்துப் பள்ளிகளினின்று வந்து ஆங்கிலத்தில் எழுதப் பழகுவார்க்கு அது இன்னும் கொடிது. ஆனால் அதற்கு மருந்து திருத்தத்தை மறைப்பதா? நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்தளித்தல் போல்வதன்றோ அது! நிறத்தைக் குறைத்துக் காட்டும் வழிகள் செயலியிலேயே உள்ளன. வேர்டில் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ‘சிம்பிள் மார்க்கப்’ என்னும் காட்சியில் பக்கம் தூய்மையாகத் தோன்றும். மாற்றம் உள்ள வரியின் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு கோடு நிற்கும். அதனை அழுத்தினாலன்றி விவரம் விரியாது. எழுத்தின் அளவு, பத்தியின் இடைவெளி முதலிய வடிவ மாற்றங்களைப் பதியாமல் விடவும் செய்யலாம். பக்கத்தை அலங்கோலமாக்குவன பெரும்பாலும் அவையே. இவற்றினும் மேலான மருந்து திருத்துவார் கையிலுள்ளது. முப்பது குறிகளுக்கு நடுவே ‘இவ்வாதம் நன்று’ என ஒரு குறிப்பு எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மற்றொரு தடை நமக்கு மிக வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. இவ்வசதி காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் துரத்தத் தூண்டுகின்றது. பெரிய குற்றங்களை நோக்கும் கண்ணைக் கெடுக்கின்றது என்பதே அது. ஒரு சொல்லை மாற்றுதல் எளிது, மாற்றியதும் நிறமாகத் தெரிகின்றது, வேலை செய்ததொரு நிறைவும் உண்டாகின்றது. அத்தியாயத்தின் வாதமே ஓட்டைப் பாத்திரமாக இருக்கையில் அதன் விளிம்பைத் துலக்குவதால் யாது பயன்? இக்குற்றம் நிகழக்கூடியதே, நிகழ்ந்தும் வருகின்றது. ஆயினும் இது கருவியின் குற்றமன்று, கையாளும் வரிசையின் குற்றம். முதற்படியைப் பெற்றபொழுது நெறியாளர் வாக்கியங்களைத் தொடவே வேண்டா. ஓரக்குறிப்பு மட்டும் எழுதட்டும். ‘இக்கூற்றுக்குச் சான்று யாது?’, ‘மூன்றாம் பத்தியிற் சொன்னதற்கு இது முரண் அன்றோ?’, ‘இப்பகுதியை இரண்டாம் அத்தியாயத்திற்கு மாற்றினால் என்ன?’ என்றவாறு. வாதம் நிலைபெற்ற பின்னரே சொற்களிற் கைவைத்தல் முறை. அப்பொழுதும், ஒரே பிழை பத்து இடத்தில் வருமாயின் முதலிரண்டினைத் திருத்தி, ‘ஏனையவற்றை நீவிரே கண்டு திருத்துக’ என்று எழுதும் ஆசிரியரிடமே மாணவர் மிகுதியாகக் கற்பர். பத்தையும் தாமே திருத்தித் தருபவர் இரக்கமுடையவர்; ஆனால் பதினொன்றாவதையும் அவரே திருத்த வேண்டியிருக்கும்.

மாணவர் பக்கத்துக் குற்றத்தையும் மறைத்தல் கூடாது. வேர்டில் ‘எல்லா மாற்றங்களையும் ஏற்க’ என்று ஒரு கட்டளை உண்டு. நெறியாளர் மூன்று இரவு விழித்துச் செய்த திருத்தங்களை ஒரே அழுத்தில் விழுங்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. கோப்பு வந்த ஐந்தாம் நிமிடத்தில் அதனை அழுத்தி, ‘ஐயா, திருத்தங்கள் முடிந்தன’ என்று செய்தி அனுப்பும் மாணவர் எத்தனை பேர்! இவர்க்குக் குறியுள்ள திருத்தமும் குறியில்லாத திருத்தமும் ஒன்றே. ஏற்றல் என்பது படித்தபின் செய்யும் செயல். அன்றியும், திருத்தியவர் பொருளைத் தவறாக உணர்ந்து மாற்றியிருத்தல் கூடும். புள்ளியியலிற் குறித்ததொரு பொருளுடைய சொல்லை நடையழகு கருதி வேறொரு சொல்லாக மாற்றினால் முடிவே மாறிப்போகும். அவ்விடத்தே அதனைத் தள்ளுதற்கு மாணவர்க்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. நம் நாட்டில் ஆசிரியரின் திருத்தத்தைத் தள்ளுதல் மரியாதைக் குறைவென்று எண்ணப்படுகின்றது. வாயாற் சொல்ல நாணுகின்றவர்க்கு ஓரக்குறிப்பு ஒரு நல்ல வாயில். ‘ஐயா, இவ்விடத்தில் தாங்கள் இட்ட சொல் பொதுப்பொருளில் வருவது, அட்டவணை நான்கில் உள்ள அளவையைக் குறிக்க முன்னிருந்த சொல்லே வேண்டுமென்று எண்ணுகின்றேன்’ என்று காரணத்தோடு எழுதப்பெற்ற மறுமொழியைக் கண்டு சினக்கும் ஆசிரியர் அரியர். கண்டு மகிழும் ஆசிரியரே பலர் என்பது நம் துணிபு. அத்தகைய மறுமொழிகள் பத்து எழுதிய மாணவர் வாய்மொழித் தேர்விற்கு ஏறத்தாழ ஆயத்தமாகிவிட்டார் எனலாம்.

பலர் ஒருங்கே எழுதும்பொழுது இன்னுமொரு சங்கடம் உண்டு. ஒரே கோப்பினை நால்வர்க்கும் அனுப்பினால் நான்கு படிகள் திரும்பி வரும். அவற்றைக் கையால் ஒன்றாக்கப் புகுவார் துன்பம் சொல்லுந்தரத்ததன்று. வேர்டில் ‘கம்பைன்’ என்பது பலருடைய திருத்தங்களை ஒரு படியிற் சேர்க்கும். ‘கம்பேர்’ என்பது குறியின்றி மாற்றப்பட்ட படியைப் பழைய படியோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறிகளாகக் காட்டும். குறியிட மறந்த நெறியாளரிடமிருந்து கோப்பு வந்தாலும் மாணவர் கலங்க வேண்டுவதில்லை என்பதற்காக இதனைக் கூறினோம். எனினும் நால்வர்க்கும் பொதுவாக ஒரே கோப்பினை இணையத்தில் வைத்து, அதிலேயே எல்லோரும் திருத்துதல் சாலச் சிறந்தது. நிறத்தைக்கொண்டு ‘சிவப்பு என்னுடையது, நீலம் உன்னுடையது’ என்று பேசிக்கொள்ளுதல் மட்டும் ஆகாது. வேர்டு தானே ஒதுக்கும் நிறம் கணினிக்குக் கணினி மாறக்கூடும். பெயரையே நோக்க வேண்டும்.

தமிழில் எழுதுவோர் தனியே கருதத்தக்கன இரண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆய்வேடு ஆங்கில எழுத்துக் குவியலாய்க் கிடக்கும். அக்குவியலில் எவர் என்ன குறியிட்டு என்ன பயன்? பாமினியில் ஒரு படியும் யூனிகோடில் ஒரு படியும் இருப்பின் ஒப்பிடும் பொறிக்கு முதற்சொல் முதல் இறுதிச்சொல் வரை யாவும் வேறாகவே தோன்றும். ஆதலின் தொடக்கத்திலேயே யூனிகோடில் எழுதுக. இனி, யூனிகோடில் ‘கொ’ என்னும் எழுத்து, ‘க’ என்பதும் உயிர்க்குறியுமாக இரண்டு அலகாகவே சேமிக்கப்படுகின்றது. உயிர்க்குறியை மட்டும் மாற்றினால் திருத்தக் காட்சியில் ஓரெழுத்தின் பாதி நிற்பதும் பாதி அடிபடுவதுமாகப் படிக்கவொண்ணாத தோற்றம் உண்டாகலாம். ஓரெழுத்துப் பிழையாயினும் சொல் முழுவதையும் நீக்கிப் புதிதாக எழுதுதல் கண்ணுக்கும் இனிது, கருத்துக்கும் தெளிவு. ஒற்று மிகுதல், மிகாமை பற்றிய திருத்தங்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

இறுதிப்படி வெளிச்செல்லும்பொழுது செய்யவேண்டுவது ஒன்றுண்டு. அதனை மறந்தோர் பட்ட பாட்டினை உலகம் அறியும். பிரிட்டிஷ் அரசாங்கம் 2003 பிப்ரவரியில் ஈராக்கைப்பற்றி வெளியிட்ட ஓர் அறிக்கை, ஆராய்ச்சி மாணவரொருவர் எழுதிய கட்டுரையினின்று பெரும்பகுதி எடுத்தாளப்பட்டதென்று கண்டறியப்பட்டது. அதனை வேர்டு கோப்பாகவே வெளியிட்டிருந்தமையால் அதனைக் கையாண்ட அலுவலர் பெயர்களும் அதனுள்ளிருந்து வெளிப்பட்டன. லெபனானின் முன்னாட் பிரதமர் ஹரீரி கொலையுண்டதைப்பற்றி ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு 2005 அக்டோபரில் அளித்த அறிக்கையில், சிரியா அதிபரின் சகோதரர் உள்ளிட்ட சிலர் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. பத்திரிகையாளர்க்குச் சென்ற கோப்பிலோ திருத்தக் குறிகள் எஞ்சியிருந்து அப்பெயர்களை அப்படியே காட்டிவிட்டன. திரையில் மறைத்தால் நீங்கிவிட்டதென்று எண்ணுதல் பெரும்பிழை. ‘நோ மார்க்கப்’ என்னும் காட்சி குறிகளைக் கண்ணுக்கு மறைக்குமேயன்றிக் கோப்பினின்று அகற்றாது. ஏற்றோ தள்ளியோ முடித்தாலன்றி நீக்கிய சொல் கோப்பின் உள்ளேயே கிடக்கும். தேர்வாளர்க்கு அனுப்பும் ஆய்வேட்டில் ‘இம்மாணவர்க்கு இது விளங்கவில்லை போலும்’ என்னும் நெறியாளரின் குறிப்பு எஞ்சியிருந்தால் எவர்க்கு நாணம்? வேர்டிலுள்ள ‘டாக்குமெண்ட் இன்ஸ்பெக்டர்’ என்னும் சோதனையை நடத்தி, எஞ்சியவற்றைக் களைந்தபின்னரே அனுப்புதல் வேண்டும். உள்ளே திறந்த நூல், வெளியே தூய படி, இவ்விரண்டும் முரணல்ல. உடனெழுதுவோர்க்கும் நெறியாளர்க்கும் உரிய வரலாறு ஊரார் யாவர்க்கும் உரியதன்று.

ஆகவே நம் கலாசாலையின் ஆராய்ச்சித் துறைகள் மூன்று ஏற்பாடுகளைச் செய்யுமாறு வேண்டிக்கொள்கின்றோம். ஆய்வேடு எழுதும் மாணவர்க்குக் கணினிக்கூடத்தில் ஒரு பிற்பகல் இவ்வசதியைக் கையாளப் பயிற்சி அளித்தல் ஒன்று. அதில் ஆசிரியரும் மாணவரோடு அமர்தல் நலம். குறியின்றித் திருத்தப்பெற்ற அத்தியாயத்தை மாணவர் ஏற்கவேண்டுவதில்லை, குறியோடு திருத்தித் தருமாறு கேட்கலாம் என்று துறைத்தலைவர்கள் வெளிப்படையாக அறிவித்தல் மற்றொன்று. ஒவ்வோர் அத்தியாயத்திற்கும் குறிகளோடு கூடிய படி ஒன்றினைத் துறையிற் பட்டம் வழங்கப்பெறும் வரையிலேனும் வைத்துக் காத்தல் மூன்றாவது. இவற்றுள் முதலிரண்டிற்குச் செலவு யாதும் இல்லை; மூன்றாவதற்கு ஒரு சிறு பென்டிரைவ் போதும். வரும் ஜூன் மாதத்தில் ஆய்வேடு தொடங்கும் மாணவர், துறையின் அறிவிப்புக்குக் காத்திராமல், முதல் அத்தியாயத்தை அனுப்பும்பொழுதே திருத்தக் குறியைத் தாமே இயக்கி அனுப்பலாம். கோப்பு அந்நிலையிலேயே சென்று சேரும். திறந்து திருத்தத் தொடங்கும் நெறியாளர் தனியே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.